தெற்கிலிருந்து வடக்காக

பாலைவனத்து வழியே வாகனத்தில் போகவேண்டும், அதற்கு ராஜஸ்தான்தான் சரி என்று கனடாவிலிருக்கும் மருமகன் தொலைபேசியில் சொன்னான். "முதலில வடமராட்சி கிழக்கைப் பார் தம்பி, ஜெய்சல்மேர் பிறகு" என்றேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களிலேயே பலர் வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கு அப்பால் அந்தக் கரையில் கால்வைத்ததில்லை. எனக்கு அது நெடுநாள் மனக்குறை.

கணக்குப்படி பார்த்தால் அது பாலைவனம் அல்ல. ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுகிற மண். ஆனால் மழை முழுவதையும் மணல் குடித்துவிடும். கடல் ஒதுக்கிய மணலைக் காற்று அள்ளிக் குவித்துக் குன்றாக்கியிருக்கிறது. அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த இடத்தில் மட்டும் மணல் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளிதான்.

பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர் முதலில் காற்றைப் பார்க்கவேண்டும். வைகாசி தொடங்கிச் சோளகம் அடிக்கும் மாதங்களில் மணல் பறந்து கண்ணைத் திறக்க விடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் புயலுக்கும் உரியவை. மழை ஓய்ந்து, வெயில் ஏறுவதற்கு முந்திய தை, மாசிதான் தோது. வாடை குளிர்ச்சியாக வீசும். களப்பில் தண்ணீர் நிற்கும். வலசை வந்த பறவைகளும் இருக்கும்.

எல்லாரும் பருத்தித்துறையில் தட்டை வடை வாங்கிக்கொண்டு வடக்கிலிருந்து தெற்காகப் போவார்கள். நான் அதை மாற்றச் சொல்கிறேன். சுண்டிக்குளத்தில் பறவைகளை விடியலில் பார்க்கவேண்டும். மணற்காட்டுக் குன்றுகளின் மடிப்புகள் தெரிய மாலை வெயில் சரிந்து விழவேண்டும். ஆகவே இருள் பிரியுமுன் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் புறப்பட்டு, பெற்றோலும் குடிநீரும் வழியிலேயே நிரப்பிக்கொண்டு, தெற்கு முனையில் தொடங்குவது நல்லது. சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமானது. 2015இல் தேசிய பூங்கா ஆக்கப்பட்டது. பூநாரைகள் நிற்கும் காலமென்றால் அங்கேயே அரை நாள் போய்விடும். போகட்டும்.

பிறகு வெற்றிலைக்கேணி, ஆழியவளை, உடுத்துறை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் இந்த ஊர்களுக்குள் புகுந்தது. உடுத்துறையில் சுனாமி நினைவாலயம் இருக்கிறது. அடுத்துள்ள தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2024இல் திறக்கப்பட்டது. இன்னும் வடக்கே குடாரப்பு, 2000 மார்ச்சில் விடுதலைப் புலிகள் தரையிறங்கிய கரை. அதற்கப்பால் நாகர்கோவில். 1995 செப்டெம்பர் 22 அன்று விமானப்படையின் குண்டுவீச்சில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இறந்த ஊர். பின்னர் போரின் முன்னரங்கு இந்த ஊர் வழியாகத்தான் போனது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையை எங்கே கண்டாலும் வீதியை விட்டு ஓரடிகூட இறங்கக்கூடாது. இதை மருமகனிடம் இரண்டு தரம் சொன்னேன்.

"ஊர் சுற்றிப் பார்க்கப் போற இடத்தில இதெல்லாம் ஏன் மாமா?" என்று கேட்டான்.

அழகான இடங்களில் மட்டும் நிறுத்தி, மற்ற இடங்களில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவதற்கு இது ஆளில்லாத வனாந்தரம் அல்ல. வள்ளம் இழுப்பவரும் வலை பொத்துபவரும் அந்த மணலில்தான் குடியிருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் அதற்குள்தான் கிடக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் வானை நிறுத்தி, இறங்கி ஐந்து நிமிடம் நிற்கவேண்டும். படம் எடுக்கவேண்டாம். அந்த ஐந்து நிமிடம் இல்லாத திட்டத்துக்கு நான் வழிகாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்தவன், "சரி மாமா, எழுதுறன்" என்றான்.

அம்பன், குடத்தனை கடந்து மணற்காட்டை மாலை நாலு மணிக்குள் பிடித்துவிடலாம். அங்கே பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் பாதி மணலுக்குள் புதைந்து நிற்கின்றன. மணலை மறிக்க நட்ட சவுக்கங்காட்டில் காற்றின் இரைச்சல் ஓயாது. குன்றுகளின் மேல் வாகனம் ஏற்றக்கூடாது. கொடி அறுந்தால் மணல் மறுபடி நடக்கத் தொடங்கும். குன்றுகளுக்கு அடியில் இருப்பதும் சாதாரணமானதல்ல. மழைநீர் மணலூடே இறங்கி, உப்புநீரைவிடப் பாரம் குறைவானதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடலுக்கு இத்தனை கிட்ட ஆழமில்லாத கிணறு நல்ல தண்ணீர் தருவது அதனால்தான். இரவில் மணல் அள்ளிக்கொண்டு போகும் டிப்பர்கள் அந்த ஊர்களின் தண்ணீரையும் சேர்த்தே ஏற்றிப்போகின்றன. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் இதைப் பார்த்துக்கொண்டிருப்பது வயிறெரிகிற காரியம்.

முடிவு வல்லிபுரத்தில். வசபன் என்ற மன்னனின் காலத்துப் பொன்னேடு 1936இல் கிடைத்த இடம் அது. புரட்டாதிப் பூரணையில் ஆழ்வார் கடல் தீர்த்தத்துக்கு எழுந்தருளும்போது சனம் இந்த மணலைக் கடந்து நடக்கும். அதையும் பார்க்கவேண்டும் என்கிறான் மருமகன். புரட்டாதிக்கு வந்தால் தீர்த்தம் கிடைக்கும், பூநாரை கிடைக்காது. அவனுக்கு விடுமுறை கிடைப்பதோ நத்தாரை ஒட்டி, மழை முற்றாக ஓயாத மார்கழியில். தை பிற்பாதிக்கு மாற்றிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். தீர்த்தத்துக்கு இன்னொரு வருடம் தனியாக வரட்டும்.