குமிழி அடங்கும் வரை

நேற்று ராத்திரி முழுக்க நான்கு ஷாக் அப்சார்பரோடு போனது. தமியா ரேடியோ கன்ட்ரோல் கார் கிட். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவுதான். உள்ளே நடப்பதோ நிஜ வண்டியில் நடக்கும் அதே வேலை. சிலிண்டர் நிறைய சிலிகான் எண்ணெய், அதில் ஏறி இறங்கும் துளையிட்ட பிஸ்டன். வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது எண்ணெய். துளை குறைந்தாலோ எண்ணெய் கெட்டியானாலோ அசைவு மந்தமாகும்.

எண்ணெய் ஊற்றிய பிறகுதான் பொறுமை வேண்டும். பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் குமிழிகள் பொடிப்பொடியாகக் கிளம்பி வரும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. காற்று மிஞ்சினால் நான்கு சக்கரமும் ஒரேபோல் நடந்துகொள்ளாது. முதல் ஷாக்கை அவசரப்பட்டு மூடிவிட்டேன். அசைத்ததும் 'சளக்' என்றது. திறந்து மறுபடி ஊற்றினேன். மற்ற மூன்றையும் நிமிர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது எண்ணெய் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நிறைவு.

செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று: பிஸ்டன் தண்டை வெறும் குறட்டால் பிடிக்காதீர்கள், துணி சுற்றிப் பிடியுங்கள். அதில் கீறல் விழுந்தால் ஓ-ரிங் தேய்ந்து எண்ணெய் கசியும்.