கறுப்புத் திரையும் ஒரு ராத்திரியும்

மக்களே, ராத்திரி பதினோரு மணி. காலையில ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கணும். மூணு மாசமா குறிச்சு வச்ச சூளை வெப்பநிலை, கிளேஸ் வெடிச்ச கணக்கு எல்லாம் லேப்டாப்புக்குள்ள. வேற எங்கேயும் காப்பி கிடையாது (திட்டாதீங்க, வீட்லயே நிறைய வாங்கியாச்சு). ஆன் பண்ணினா டெபியன் லோகோ வருது, அப்புறம் கும்மிருட்டு.

லேப்டாப் அக்காவோடது. 2011-ல தமிழ்நாடு அரசு இலவசமா கொடுக்க ஆரம்பிச்சதே, அதுல ஒண்ணு. விண்டோஸோட சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நிறைய பேர் வந்த அன்னைக்கே பாஸை அழிச்சாங்க. பாஸுக்கு அடிப்படையே டெபியன்தான், அதனால நான் பின்னாடி நேரா டெபியனையே போட்டுக்கிட்டேன்.

நண்பனுக்கு போன் போட்டேன். "பார்மட் பண்ணிடுடா"ன்னான். எங்க ஊர் பீங்கானுக்குப் பேர் போன விருத்தாசலம். இங்க பீங்கான் ப்யூஸைப் பார்க்காம யாரும் சுவத்தை உடைக்க மாட்டாங்க :-)

முதல்ல கேப்ஸ் லாக் தட்டினேன். லைட் எரிஞ்சு அணைஞ்சது. அப்பாடா, உள்ள உயிர் இருக்கு!

ஆன் பண்ணும்போது ஷிப்ட்டை அழுத்திப் பிடிச்சா க்ரப் மெனு வரும் (புது மெஷின்ல எஸ்கேப்). அதுல 'இ' தட்டி, 'லினக்ஸ்'னு ஆரம்பிக்கிற வரியோட கடைசியில இருக்கிற 'க்வையட் ஸ்ப்ளாஷ்' ரெண்டையும் எடுத்துட்டு 'நோமோட்செட்' சேர்த்து, கண்ட்ரோல்-எக்ஸ். கெர்னலை கிராபிக்ஸ் கார்டுல கை வைக்காதேன்னு சொல்றது அது, அந்த ஒரு தடவைக்கு மட்டும். கார்டு தகராறுன்னா இதுலயே படம் வந்துடும். எனக்கு வரலை. ஆனா 'க்வையட்' போனதால மெசேஜ் எல்லாம் ஓடுச்சு. லாகின் திரையைக் கொண்டு வர்ற லைட்-டிஎம் மட்டும் சிவப்புல 'பெயில்டு'.

கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2. கறுப்புல வெள்ளை எழுத்து, பேர் கேக்குது! உள்ள போனதும் முதல் வேலை, பென் டிரைவைச் செருகி, மவுண்ட் பண்ணி, ரிப்போர்ட் போல்டரை 'சிபி' போட்டு காப்பி எடுத்தது. அதுக்கப்புறம்தான் கை நடுக்கம் நின்னுச்சு.

'டிஎஃப் -ஹெச்' அடிச்சேன். ரூட் பார்ட்டிஷன் 100%. எழுத இடமே இல்லாம லைட்-டிஎம் எப்படிக் கிளம்பும்? 320 ஜிபி டிஸ்க்ல ரூட்டுக்கு 12 ஜிபி மட்டும் ஒதுக்கின மகான் நானேதான். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இறங்கின டெப் கோப்புகள் மலையா குவிஞ்சிருந்தது. 'சூடோ ஆப்ட்-கெட் க்ளீன்', அப்புறம் 'சூடோ ரீபூட்'.

லாகின் திரை வந்தப்ப மணி ஒண்ணே கால். பாலக்கரையில கடை திறந்ததும் பிரிண்ட் எடுத்துட்டேன். நண்பன் மெசேஜ் அனுப்பியிருந்தான்: "பார்மட் பண்ணிட்டியா?"