குழவி பிடித்த கை

பங்கு இல்லத்தில் நெடுங்காலம் எனக்குச் சமைத்துப் போட்ட அம்மையார் முதுமையின் காரணமாகத் தம் மகள் வீட்டுக்குச் சென்றபோது, வேறு ஆள் கிடைக்கும்வரை நானே சமைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஐம்பது வயதைக் கடந்த ஒரு குரு முதன்முறையாக அடுப்பு மூட்டும் காட்சியை எண்ணி நீங்கள் சிரிக்கலாம். குருமடத்தில் எனக்கு இறையியல் கற்பித்தார்கள். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் சில சொற்களை வாசிக்கவும் கற்பித்தார்கள். ஆனால் ஓர் ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்பதை யாரும் கற்பிக்கவில்லை. "ஆள் கிடைக்கும்வரை" என்று தொடங்கிய அந்தச் சமையல் இன்றுவரை தொடர்கிறது. அதற்குள் அடுப்படிப் பொருள்களோடு எனக்கு ஏற்பட்ட பழக்கத்தையும், அவை எனக்குக் கற்பித்த ஒரு பாடத்தையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் தாயார் இறைவனடி சேர்ந்த பிறகு, கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள எங்கள் ஊர் வீட்டிலிருந்து மூன்று பொருள்களை எடுத்து வந்திருந்தேன்: ஓர் இரும்புத் தோசைக்கல், ஒரு மண்சட்டி, ஓர் அம்மி. நினைவுப் பொருள்களாகவே அவற்றை எடுத்து வந்தேன். அவற்றை நானே கையாளும் நாள் வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

முதலில் என்னைச் சோதித்தது தோசைக்கல். நெடுநாள் கிடந்ததால் துருவேறியிருந்த அதைச் சோப்புப் போட்டுக் கம்பி நாரால் பளபளவென்று தேய்த்து, மாவை ஊற்றினேன். தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகத்தான் வந்தது. எங்கள் உபதேசியாரின் துணைவியார் வந்து பார்த்துவிட்டு, "கல்லைத் தேய்ச்சாப் போதாது சாமி, பழக்கணும்" என்றார். வடிகஞ்சியில் ஊறவைத்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நல்லெண்ணெய் தடவிச் சூடேற்றி, பாதியாக நறுக்கிய வெங்காயத்தால் தேய்த்து, இப்படிப் பல நாள்கள் செய்த பிறகே கல் இணங்கியது. சூடேறிய இரும்பின்மேல் எண்ணெய் மெல்லிய கெட்டியான படலமாக மாறிப் படிகிறது. அந்தப் படலமே மாவை ஒட்டவிடாமல் காக்கிறது. ஆத்திரப்பட்டு அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பங்குப் பணியிலும் நான் சில இடங்களில் கம்பி நாரைப் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதை அன்று நினைத்துக்கொண்டேன்.

மண்சட்டி அவ்வளவு பிடிவாதம் செய்யவில்லை. களிமண்ணில் நுண்ணிய துளைகள் இருப்பதால், புதுச் சட்டியை முதலில் நீரில் ஊறப்போட்டு, அரிசி கழுவிய நீரைக் கொதிக்கவைத்துப் பழக்க வேண்டும். அது மெதுவாகவே சூடேறும், மெதுவாகவே ஆறும். வைகை அணை மீனை வாங்கிக் குழம்பு வைத்து இறக்கினால், அடுப்பை அணைத்த பிறகும் சிறிது நேரம் அது கொதித்துக்கொண்டிருக்கும். நோயுற்ற ஒருவருக்கு நோயில்பூசுதல் கொடுக்கச் சென்று நேரங்கழித்துத் திரும்பும் இரவுகளில், சட்டியின் அடியில் எஞ்சியிருக்கும் அந்த வெதுவெதுப்பு எனக்குப் பெரும் ஆறுதல்.

இவை இரண்டும் பொறுமையைக் கற்பிக்கும் பொருள்கள் என்றால், பிரஷர் குக்கர் வேறு வகை. பிரான்சு நாட்டவரான தெனி பாப்பன் 1679 ஆம் ஆண்டில் இலண்டனில் இதன் மூல வடிவத்தைச் செய்துகாட்டினார். கடினமான எலும்பையும் மென்மையாக்கும் கலம் அது. அது வெடித்துவிடாமல் காக்கும் வால்வையும் அவரே அமைத்தார். நீராவியை உள்ளேயே அடைத்து அழுத்தத்தைக் கூட்டினால், 100 பாகையில் கொதிக்கும் நீர் ஏறத்தாழ 120 பாகை வரை சூடேறுகிறது. பருப்பு விரைவில் வேகிறது. இதன் அருமையை நம் பகுதி மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர் அறிவார்கள்: மலையில் உலை கொதித்தாலும் பருப்பு வேகாது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதே காரணம்; 1,000 மீட்டர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. தோட்டத்து வீடுகளில் தங்கி வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்குக் குக்கர் என்பது விறகும் நேரமும் மிச்சம் என்பதற்கு மேலும் ஒன்று. அது வெந்த பருப்பு.

இனி அம்மிக்கு வருகிறேன். உண்மையைச் சொல்வதானால், மூன்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மிக்சியின் கத்தி அதிவேகமாகச் சுழன்று தேங்காயையும் மிளகாயையும் வெட்டுகிறது. அம்மியோ நசுக்கி, இழைத்து, சாற்றை வெளிக்கொணர்கிறது. ஞாயிறு திருப்பலிகள் முடிந்த பிறகு வாரம் ஒருமுறை அதில் சட்னி அரைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமையோடு ஓர் அன்பியக் கூட்டத்தில் பேசினேன். நம் முன்னோர் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்து உண்டதால் உடல்நலத்தோடு வாழ்ந்தார்கள் என்றும், இக்காலப் பெண்கள் பொத்தானை அழுத்திவிட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடுகிறார்கள் என்றும் நகைச்சுவையாகச் சொன்னேன். ஆண்கள் நன்றாகச் சிரித்தார்கள். கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது, பல ஆண்டுகள் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வந்த ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார். கோபம் ஏதும் இன்றி, "வாரத்துக்கு ஒருக்கா அரைச்சா ருசிதான் சாமி. வருசம் முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளும் அரைச்சவுகளக் கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தம் வழியே போய்விட்டார்.

விடியுமுன்னே ஜீப்பில் ஏற வேண்டும் என்றால், அதற்கு முன்னே சமைத்துத் தூக்குவாளியில் சோறு கட்ட வேண்டும். அதற்கும் முன்னே அரைத்து முடிக்க வேண்டும். அப்படியானால் அந்தப் பெண் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? இந்த எளிய கணக்கை நான் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கேட்டுப் பாருங்கள் என்றாரே. நான் கேட்க வேண்டியவர் இப்போது இல்லையே என்ற எண்ணம் உறுத்தியது. அப்போதுதான் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. நான் குருவாகித் திருநிலைப்படுத்தப்பட்ட தொடக்க ஆண்டுகளில் ஒருமுறை விடுமுறைக்கு வீட்டுக்குச் சென்றிருந்தேன். அம்மியின் முன் அமர்ந்திருந்த என் தாயார், "ஒரு மிக்சி வாங்கலாமாப்பா? தோள்பட்டை குத்துது" என்றார். நான், "உன் அம்மிச் சட்னிக்கு ஈடு உண்டாம்மா? மிக்சியில இந்த ருசி வராது" என்றேன். மகன் தம் கைப்பக்குவத்தைப் புகழ்ந்ததாக எண்ணி அவர் சிரித்தார். அதன் பிறகு ஒருபோதும் அவர் அதைக் கேட்கவில்லை. என் கையில் அப்போது பணம் இல்லாமலில்லை. அதே ஆண்டில் விவிலிய விளக்கவுரை நூல்கள் சிலவற்றைத் தபாலில் வரவழைத்தேன்.

குழவி என்ற சொல்லுக்கு நம் மொழியில் கைக்குழந்தை என்றும் பொருள், அரைக்கும் கல் என்றும் பொருள். இரண்டையும் என் தாயார் சுமந்தார். அந்த இரண்டில் வளர்ந்து பேசக் கற்றுக்கொண்ட குழவி, தனக்காகத்தான் பேசியது.

தமிழக அரசு 2011 ஆம் ஆண்டில் குடும்ப அட்டைதாரர்களுக்கு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன்வழி எங்கள் வீட்டுக்கும் ஒரு மிக்சி வந்து சேர்ந்தது. மகன் வாங்கித் தரவில்லை. அன்று மாலை அம்மா தொலைபேசியில் அழைத்து, "ஒரு நிமிசந்தான்ப்பா ஆச்சு. ஒரே நிமிசம்" என்றார். குரலில் குறை ஏதும் இல்லை. வியப்பு மட்டுமே இருந்தது. நானும் மகிழ்ச்சி தெரிவித்துவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். மூதாட்டி வந்து பேசிய அந்த இரவில்தான் அச்சொற்கள் உண்மையில் என் காதில் விழுந்தன.

இணைச்சட்ட நூலின் 24 ஆம் அதிகாரத்தில் கடன் பற்றிய சட்டம் ஒன்று உண்டு. ஒருவருடைய திரிகையையோ அதன் மேற்கல்லையோ அடகாக வாங்கலாகாது. அது அவருடைய உயிரையே அடகாக வாங்குவதற்கு ஒப்பாகும் என்பது அதன் கருத்து. அன்றன்றைக்கு மாவு அரைத்து அன்றன்றைக்கு அப்பம் சுட்ட வீடுகளில், மேற்கல் போனால் கீழ்க்கல்லால் பயனில்லை, வீடே பட்டினி. குருமடத்தில் இதைப் பற்றித் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். எங்கள் ஊரில் பெயர் வெட்டிய பித்தளைக் குடங்களும் அண்டாக்களும் அடகுக் கடையில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்ததைச் சிறுவயதில் கண்ணால் கண்டவனும் நான்தான். ஆயினும் அந்தச் சட்டத்தையும் என் வீட்டு அம்மியையும் நான் ஒருங்கே எண்ணிப் பார்த்ததில்லை. ஆண்டவர் அரைக்கும் கல்லைப் பார்த்தபோது அங்கே ஓர் உயிரைக் கண்டார். நான் சட்னியை மட்டுமே கண்டேன்.

கோயம்புத்தூரில் 1955 ஆம் ஆண்டில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மின்விசையால் சுழலச் செய்து கிரைண்டரை உருவாக்கினார். அதனால் எத்தனை இலட்சம் பெண்களுக்கு விடியற்காலை உறக்கம் திரும்பக் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். இதை நன்மை என்று சொல்லாமல் வேறு எதை நன்மை என்பது? அதற்காகப் பழைய கல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 2012 ஆம் ஆண்டில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றபோது, கொல்லைப்புறத்தில் கிடந்த அம்மிகளே நம் வீடுகளைக் காப்பாற்றின. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்கிறோம். சட்டியில் அது எப்படி வந்தது, யார் கை வலித்து வந்தது என்று கேட்கிறோமா என்பதே என் கேள்வி.

புனித ஆசீர்வாதப்பர் தம் துறவு ஒழுங்கில், மடத்தின் பண்டகக் காப்பாளர் அங்குள்ள எல்லாக் கலங்களையும் பீடத்தின் திருக்கலங்களைப் போலவே கருத வேண்டும் என்று விதித்தார். ஆண்டவரின் நாளில் எருசலேமிலும் யூதாவிலும் உள்ள ஒவ்வொரு சமையல் பானையும் தூயதாகும் என்று இறைவாக்கினர் செக்கரியா முன்னுரைத்தார். திருப்பலியின் முடிவில் திருக்கிண்ணத்தை நான் எவ்வளவு கவனமாகத் துடைத்து வைக்கிறேன்! என் வீட்டில் என் தாயார் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களில் ஒன்றையேனும் நான் கழுவியதாக நினைவில்லை.

முன்பெல்லாம் இல்ல அர்ச்சிப்புக்குச் சென்றால் முன்னறையில் நின்று செபித்து, மற்ற அறைகளில் தீர்த்தம் தெளித்து, அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். இப்போது முதலில் அடுப்படிக்குச் செல்கிறேன். இங்கே காலையில் முதலில் எழுபவர் யார் என்று கேட்கிறேன். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் நாணத்தோடு சிரிப்பார்கள். ஆண்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

தவக்காலத்தில் ஒறுத்தல் முயற்சியாக இறைச்சியை விலக்குகிறோம். அந்தப் பத்தியச் சமையலையும் தனியே செய்பவர் யார்? வரும் தவக்காலத்தில் நம் பங்கு ஆண்களும் இளைஞர்களும் நாளுக்கு ஒரு வேளையேனும் அரைப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் தங்கள் ஒறுத்தலாக ஏற்றால் என்ன? அன்னையர் இன்னும் உயிரோடிருக்கும் பேறு பெற்றவர்கள், அவர்களுக்கு எது வலிக்கிறது என்று இன்றே கேட்டுவிடுங்கள்.

அம்மி இன்னும் என் அடுப்படியில் இருக்கிறது. வாரம் தவறாமல் அரைக்கிறேன். அம்மாவின் நினைவுத் திருப்பலி நாளில் சற்று அதிகமாகவே அரைத்து, அந்த மூதாட்டி வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். "உப்பு கொஞ்சம் தூக்கல் சாமி" என்று சொல்லியனுப்பினார்.