தென்னை விழுந்த வருசம் மகள் கேட்ட டி.சி.

சென்னையில் இருக்கிற சித்தப்பா மகன் போன வாரம் போன் பண்ணினான். "அண்ணே, பையன் காலேஜ் மாத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். ஒரு யுனிவர்சிட்டியிலேருந்து இன்னொண்ணுக்கு. உங்க வீட்டுலயும் பாப்பாவுக்கு இப்படி ஒரு பேச்சு ஓடுச்சுல்ல, என்ன முடிவெடுத்தீங்க?"

போன்ல சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை இது. இந்த மாதிரி யோசனையில இருக்கிற வேற வீடுகளுக்கும் உதவும்னு இங்கேயே எழுதிடறேன்.

எங்க ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே. 2018 நவம்பர் 16, விடிஞ்சா வெள்ளிக்கிழமை. அந்த ராத்திரிதான் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறுச்சு. எனக்கு 3 ஏக்கர் தென்னை, மொத்தம் 200 மரம். விடிஞ்சு போய் எண்ணிப் பார்த்தா நின்னது 28. மத்ததெல்லாம் சிலது வேரோட, சிலது பாதியில முறிஞ்சு, எல்லாம் ஒரே திசையில தலை வச்சுப் படுத்துக் கிடந்துச்சு. அப்பா காலத்துல வச்ச மரங்கள்.

மகள் அப்போ கோயம்புத்தூர்ல பி.எஸ்சி. கணிதம், முதல் வருசம். பாரதியார் பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச ஒரு தன்னாட்சிக் கல்லூரி. டவரெல்லாம் சாஞ்சு கிடந்ததால நாலு நாள் எங்களோட பேச முடியலை. செமஸ்டர் பரீட்சையை எழுதிக்கிட்டே அந்த நாலு நாளும் அவ எப்படி இருந்தாளோ, இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்லை. பரீட்சை முடிஞ்சு வந்து இறங்கினவ தோப்புல ஒரு சுத்து சுத்திட்டு வந்தா. மூணு நாள் எதுவும் பேசலை. நாலாம் நாள் சாப்பிடும்போது, "அப்பா, எனக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலை. இங்க பக்கத்துலயே ஒரு காலேஜுக்கு மாத்திக்கிறேன். டி.சி. வாங்கிக் குடுத்துடுங்க"ன்னா.

ஜூலையிலேருந்து ஒத்துக்கிட்ட சாப்பாடு டிசம்பர்ல ஒத்துக்காமப் போச்சாம். என் வீட்டுக்காரம்மா அவளையும் பார்த்து என்னையும் பார்த்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லலை.

எங்க அம்மா அப்போ இருந்தாங்க. மகளுக்கு அப்பாயி. 52-ஆம் வருசப் புயலைச் சின்னப் புள்ளையா பார்த்தவங்க. அவங்க சொன்னது இதுதான்: "புயலடிச்ச சூட்டோட நெலம் விக்கக் கூடாது, கல்யாணம் பேசக் கூடாது. மொதல்ல விழுந்த மரத்தை அப்புறப்படுத்துங்கடா." அதையே எடுத்துக்கிட்டேன். மகள்கிட்ட, "தை பொறக்கட்டும் பாப்பா, அதுவரைக்கும் நீ அங்க போய் படி. நான் விசாரிச்சு வைக்கிறேன்"னு சொல்லி அனுப்பினேன்.

விசாரிச்சதுல தெரிஞ்சதை வரிசையா சொல்றேன். நகரத்துல படிச்ச பெத்தவங்களுக்கும் இது முழுசாத் தெரியறதில்லை.

பாரதியார் பல்கலைக்கழகம் கோயம்புத்தூர்ல, பாரதிதாசன் பல்கலைக்கழகம் திருச்சியில. ரெண்டும் 1982-ல் உருவானது. பேர்ல குருவும் சீடரும். அதனால பாடமும் ஒண்ணாத்தான் இருக்கும்னு நான் நினைச்சேன். உள்ளூர்க் கல்லூரியில கணக்குத்துறைப் பேராசிரியர் ரெண்டு பாடத்திட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினார். முதன்மைப் பாடம் ஓரளவு ஒத்துப்போச்சு. துணைப்பாடம் ஒத்துப்போகலை. அவ முதல் வருசம் படிக்கிறது புள்ளியியல், இங்க முதல் வருசம் இயற்பியல். மாறி வந்தா ரெண்டாம் வருசப் பாடத்தோட சேர்த்து, விட்டுப்போன முதல் வருசத் தாள்களையும் செய்முறையோட எழுதணும். தன்னாட்சிக் கல்லூரின்னா பாடத்திட்டத்தை அவங்களே வகுத்துக்கலாம். அதனால ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ள கல்லூரி மாறினாக்கூட இந்தச் சிக்கல் வரும்.

அடுத்தது, இடம். போகிற கல்லூரியில அந்த வகுப்புல காலியிடம் இருக்கணும். அனுமதிச்ச எண்ணிக்கைக்கு மேல ஒரு ஆளைக்கூடச் சேர்க்க முடியாது. ரெண்டு கல்லூரியும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும். படிச்ச பாடம் சமம்னு பல்கலைக்கழகம் ஏத்துக்கணும். பழைய பல்கலைக்கழகத்துல மைக்ரேஷன் சர்டிபிகேட் வாங்கணும். இதெல்லாம் பெரும்பாலும் கல்வியாண்டு தொடக்கத்துலதான் நடக்கும். நடு வருசத்துல அழுதாலும் நடக்காது.

கோயம்புத்தூர்க் கல்லூரி அலுவலகத்துல ஒரு வயசான கிளார்க் இருந்தார். நான் புயல் பட்ட ஊர்க்காரன்னு தெரிஞ்சதும் உக்காரச் சொல்லி டீ வாங்கிக் குடுத்துச் சொன்னார்: "சார், டி.சி.ங்கிறது கடைசியா வாங்குற காகிதம். அங்க இடம் எழுத்துல உறுதியாகாம இதை வாங்கிட்டுப் போயிடாதீங்க. வாங்கின நிமிசமே இங்க உங்க பொண்ணு பேரு இல்லை. அங்கயும் இல்லைன்னா ஒரு வருசம் போச்சு." முதல் காகிதமே அதுதான்னு நினைச்சு நிறைய பேர் வந்து நிப்பாங்களாம்.

கட்டின பணம் திரும்புமான்னும் கேட்டேன். சேர்க்கைக் கடைசித் தேதி தாண்டி 30 நாள் ஆயிட்டா கட்டணத்துல ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லைங்கிறது அந்த வருசத்து யு.ஜி.சி. விதி. எங்களுக்கு அது எப்பவோ தாண்டிப்போச்சு.

சரி, கணக்குக்கு வருவோம். உரக்கடை பில்லோட பின்பக்கம் எழுதினேன்.

ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் வருசம் 52,000. வீட்டிலேருந்து போய்வந்தா பஸ், மதியச் சாப்பாடு, சில்லறைச் செலவு 12,000. மிச்சம் வருசத்துக்கு 40,000. ஜூன்லதான் மாற முடியும்ங்கிறதால ரெண்டு வருசத்துக்கு 80,000. அதுல புதுச் சேர்க்கைக் கட்டணம், சான்றிதழ்ச் செலவு, கூடுதல் தாள்களுக்குக் கட்டணம்னு 18,000 போயிடும். ஆக 62,000.

இன்னொரு பக்கம் தோப்பு. விழுந்தது 172 மரம். அரசாங்கம் ஒரு மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய்னு அறிவிச்சுது. 1,89,200. ஜே.சி.பி. வாடகையும் கன்னும் குழியும் போக அதுல பெருசா ஒண்ணும் நிக்காது. நெட்டை ரகம் வச்சா காய்ப்புக்கு வர 6, 7 வருசம். அதுவரைக்கும் வெயில் விழுகிற அந்த இடத்துல உளுந்தும் கடலையும் போட்டுக்க வேண்டியதுதான்.

எழுதி முடிச்சு ரெண்டு பக்கத்தையும் பார்த்தபோது எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. தோப்போட கஷ்டம் 7 வருசக் கஷ்டம். மகளோட படிப்பு இன்னும் ரெண்டரை வருசம். அவ மாறினாலும் மாறாட்டியும் மரம் அதே வேகத்துலதான் வளரும். அவ மிச்சப்படுத்தித் தர்ற 62,000-த்தால தோப்பு நிமிரப் போறதில்லை. ஆனா அந்த 62,000 இல்லாம அவ படிப்பு நிக்கும். அப்போ கேள்வி காலேஜை மாத்தறது இல்லை, ஹாஸ்டல் செலவை எப்படிக் குறைக்கிறதுங்கிறதுதான்.

அந்தக் கேள்விக்கு வழி இருந்துச்சு. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்துற கல்லூரி மாணவியர் விடுதி கோயம்புத்தூர்லயும் இருக்கு. தங்கறதும் சாப்பாடும் இலவசம். வருமானச் சான்று, சாதிச் சான்று எடுத்துக்கிட்டு வருசத் தொடக்கத்துல விண்ணப்பம் போடணும். அதுவும் கிடைக்கலைன்னா வங்கியில கல்விக்கடன். 4 லட்சம் வரைக்கும் அடமானம் வேண்டாம். எங்களுக்கு விடுதியே கிடைச்சுது. தனியார் ஹாஸ்டல் மாதிரி வசதி இருக்காது. ஒரு அறையில எட்டுப் பேர், காலையில குளிக்க வரிசை. "கல்யாண வீடு மாதிரி இருக்குப்பா"ன்னா.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு பேச்சு நடந்துச்சு. அதையும் சொல்லணும்.

கணக்குல ஏறாத வரி ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. அவ பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்னு எனக்கு ஆசை. மரமில்லாத தோப்புக்குத் தினம் போய்ட்டு வர்ற ஒருத்தனுக்கு, சாயங்காலம் வீட்டுல மகள் இருக்கிறது எவ்வளவு பெரிய விசயம்னு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஆசையை முதல்லயே தனியா எடுத்து வச்சுட்டுத்தான் பில்லைத் திருப்பினேன். அது கணக்குக்குள்ள வந்திருந்தா 62,000 ரூபாய் ஆறு லட்சமாத் தெரிஞ்சிருக்கும்.

பொங்கலுக்கு வந்தப்போ பில்லை அவ கையில குடுத்தேன். கணக்குப் படிக்கிற புள்ளையாச்சே, ஒவ்வொரு வரியாப் பார்த்தா. நான் சும்மா இல்லாம, "தென்னங்கன்னைப் பிடுங்கி வேற குழியில வச்சா வேர் பிடிக்கவே நாளாகும் பாப்பா. இப்பத்தான் நீ அங்க வேர் விட்டிருக்கே"ன்னேன். "நான் தென்னங்கன்னு இல்லப்பா, எனக்குக் கால் இருக்கு"ன்னா. அவங்க அம்மா சிரிச்சிடுச்சு. அப்புறம் நான் கேட்டது ஒரே கேள்வி: "மரம் விழாம இருந்திருந்தா மாறணும்னு கேட்டிருப்பியா?" ரொம்ப நேரம் கழிச்சு, "கேட்டிருக்க மாட்டேன்"னா. அதோட சாப்பாடு ஒத்துக்காத கதையும் முடிஞ்சுது.

மாறறதே தப்புன்னு நான் சொல்ல வரலை. எங்க தெருவுலயே ஒரு பையன், அம்மாவுக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ், கூட்டிட்டுப் போக வேற ஆள் இல்லை. மதுரையிலேருந்து மாறி வந்து ரெண்டு தாள் கூடுதலா எழுதி முடிச்சான். அது சரியான முடிவு. அவன் வந்ததால அந்த வீட்டுல ஒரு காரியம் நடந்துச்சு, அவன் இல்லாம அது நடந்திருக்காது. அதே மாதிரி படிப்பே பிடிக்கலை, அந்த இடத்துல பாதுகாப்பில்லைன்னு புள்ளை சொன்னா கணக்கெல்லாம் ஓரமா வச்சுட்டுக் கேக்கணும்.

மாறாம இருந்ததுக்கும் விலை இருந்துச்சு. 2020 மாசி மாசம் அப்பாயி தவறிட்டாங்க. சாயங்காலம் தகவல் சொன்னோம். மகள் ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறி, விடியக்காலம் தஞ்சாவூர்ல இறங்கி, பஸ் பிடிச்சு வந்து சேர்ந்தா. எடுக்கறதுக்கு முன்னாடி வந்துட்டா. ஆனா கடைசியா ஒரு மாசம் அவங்க படுக்கையில கிடந்து இவ பேரைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. காரியமெல்லாம் முடிஞ்ச அன்னைக்குத் திண்ணையில உக்காந்து, "மாறியிருந்தா கூட இருந்திருப்பேன்லப்பா"ன்னா. "ஆமா"ன்னேன். வேற என்ன சொல்ல முடியும்? இருந்திருப்பாதானே.

அடுத்த மாசமே கொரோனா ஊரடங்கு. காலேஜை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மிச்சப் படிப்பு பெரும்பாலும் ஆன்லைன்ல. சிக்னலுக்காகத் தோப்பு மேட்டுல, நாங்க புதுசா வச்ச கன்னுகளுக்கு நடுவுல கயித்துக்கட்டில் போட்டு உக்காந்து கோயம்புத்தூர் வகுப்பைக் கேட்டா. மாறினா எந்த இடத்துல இருந்திருப்பாளோ அதே இடம். யாரு கண்டா?

2021-ல் பட்டம் முடிச்சா. முடிச்ச கையோட எம்.எஸ்சி.க்கு பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கே விண்ணப்பம் போட்டுச் சேர்ந்தா. டி.சி., மைக்ரேஷன் எல்லாம் இதுக்கும் வேணும்தான். ஆனா துணைப்பாடம் ஒத்துப்போகுதான்னு யாரும் பக்கத்துல வச்சுப் பார்க்கலை. நாங்க அறுவடை முடிஞ்சுதான் வயலை மாத்தி உழுவோம், கதிர் நிக்கும்போது இல்லை. ஒரு பட்டத்துக்கும் அடுத்த பட்டத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் பல்கலைக்கழகம் மாறறதுக்கு லேசான நேரம். அவசரமில்லாத ஆசையா இருந்தா அதுவரைக்கும் தள்ளிப்போட்டுப் பாருங்க.

இப்ப ஏ.பி.சி.ன்னு ஒண்ணு வந்திருக்கு. வாங்கின கிரெடிட்டைச் சேமிச்சு வச்சு வேற பல்கலைக்கழகத்துக்கு எடுத்துட்டுப் போக 2021-லேருந்து ஏற்பாடு. நல்ல விசயம். ஆனாலும் அங்க இடம் காலியா இருக்கணும், அவங்க ஏத்துக்கணும்ங்கிறது மாறலை. அதனால பாடத்திட்டத்தை ஒப்பிடுங்க, இடத்தை எழுத்துல வாங்குங்க, உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ இருந்தா அது அங்கயும் தொடருமான்னு எழுத்துல கேளுங்க. டி.சி. கடைசி.

இதெல்லாம் செய்யறதுக்கு முன்னாடி புள்ளையை ஒரு நாள் வீட்டுக்கு வெளியில எங்கயாவது கூட்டிட்டுப் போய், எதுக்காக மாறணும்ங்கிறேன்னு கேளுங்க. முதல்ல சொல்ற காரணத்தை எழுதி வச்சுக்குங்க. ரெண்டாவதா ஒண்ணு வரும். அதுக்குக் காத்திருங்க. எங்க வீட்டுல அது வர்றதுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.