ஒரு சுற்றுக் குறைவு

பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து 2003இல் ஓய்வு பெற்ற அப்பா, கைக்கு வந்த பணத்தில் ஒரு மாருதி 800 வாங்கினார். அந்த வண்டி இன்றும் எங்கள் வாசலில் நிற்கிறது. அதைத் 'தாழ்த்த வேண்டும்' என்று பொறியியல் இரண்டாமாண்டு படிக்கும் எங்கள் மகன் கேட்டபோது எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. உயர்வதற்குத்தானே ஊரெல்லாம் பாடுபடுகிறது!

வண்டி தரையை ஒட்டி ஓடினால் வளைவில் சாயாது, பார்க்கவும் பந்தயக் கார் போலிருக்கும் என்றான். முறையாகச் செய்வதென்றால் குட்டையான சுருள்வில்களும் அவற்றுக்கு இசைந்த ஷாக் அப்சார்பர்களும் வாங்க வேண்டும். அந்தச் செலவு பழைய வண்டியின் விலையையே தொட்டுவிடும். கையில் காசில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: உள்ள வில்லிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடுவது. நகரத்துப் பட்டறை ஒன்றில் மூவாயிரம் ரூபாய் கேட்டார்கள். கொடுத்தோம். அப்பாவிடம் சொல்லவில்லை. வண்டி அவர் பெயரில் இருக்கிறது என்பதை நாங்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

அந்த ஞாயிறு, வழக்கம்போல் பொன்மலைச் சந்தைக்குப் புறப்பட்டோம். கதவைத் திறந்து அமர முயன்ற அப்பா, எதிர்பார்த்த உயரத்தில் இருக்கை இல்லாததால் தடுமாறிக் கதவைப் பற்றிக்கொண்டார். "என்னடா, பள்ளத்துல உக்கார்ற மாதிரி இருக்கு?" என்றார். வேகத்தடைக்குப் பத்து சென்டிமீட்டர் உயரம் என்று விதி உண்டு. நம் தெருக்களில் அதை யார் அளக்கிறார்கள்? முதல் தடையிலேயே வண்டியின் வயிறு உரசியது. ஒவ்வொரு குழியும் அவருடைய முதுகில் இறங்கியது. திரும்பி வந்து இறங்கும்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இருவர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

அவர் கோபிக்கவில்லை. குனிந்து சக்கரத்தின் பின்னே கையை விட்டுத் தடவினார்.

"எத்தனை சுத்து?"

"ஒண்ணுதான் தாத்தா."

"பிளேடா, கேஸா?"

"கேஸ்."

திண்ணையில் அமர்ந்து நிதானமாகச் சொன்னார். சுற்று குறையக் குறைய வில் கடினமாகும். வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றை எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு விறைப்பு கூடும். நெருப்பு பட்ட இடத்தில் எஃகு தன் பதத்தை இழக்கும்; பிறகு அந்த இடத்தில் அது எப்போது ஒடியும் என்று சொல்ல முடியாது.

பிறகு தம் பணிமனைக்குப் போய்விட்டார். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு இடம்பெயர்ந்த பணிமனை அது. அவர் காலத்துப் பயணப் பெட்டிகளில் புதுச் சக்கரத்தின் விட்டம் 915 மில்லிமீட்டர். தேய்ந்து தேய்ந்து 819 வரை வரும். சக்கரம் தேய்ந்தால் பெட்டி தாழும். தாழ்ந்தால் அடுத்த பெட்டியின் பஃபரோடு நேராகப் பொருந்தாது. அதனால் தேய்மானத்திற்கேற்ப 13, 26, 38 மில்லிமீட்டர் கனத்தில் வளையங்கள் வைத்து உயர்த்துவார்கள். "தாழ்ந்ததைத் தூக்கித் தூக்கி வச்சே என் சர்வீஸ் போயிருச்சு. என் வண்டியை நீ எறக்கிட்டே" என்று சிரித்தார். மகன் தலை நிமிரவில்லை. நாங்களும்தான்.

சட்டத்தைப் பின்னர்தான் தேடிப் படித்தோம். தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றலாகாது என்று, கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. எங்கள் வீட்டில் உரிமையாளர் யார்? வாழ்நாளில் ஒரு வளையத்தைக்கூடத் தவறாக வைக்காத எண்பது வயதுக் கிழவர்.

அடுத்த ஞாயிறு அவர் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தே போனார். அதற்கடுத்த ஞாயிறும். "நடக்கறது நல்லதுதான்" என்றார். அந்தச் சொல்லைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

மகன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து மூன்று மாதம் பணம் சேர்த்தான். நிறுவனத்தின் அசல் அளவில் நான்கு புது வில்கள் வாங்கி மாட்டினான். தாழ்த்தியதைவிட உயர்த்த இருமடங்குக்கு மேல் ஆயிற்று. எங்களிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு அப்பா கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். ஒரு முறை எழுந்து, மீண்டும் உட்கார்ந்து பார்த்தார்.

"சரி, எடு. கீரை தீந்துடும்" என்றார்.