ஒரு தடவைக்கு ஒரு திருகு

பழைய புல்லட் வாங்கிவிட்டு என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே பேச்சோடுதான் வருகிறார்கள். "ஐயா, கார்புரேட்டர் போச்சு, புதுசு மாத்தணும்." பிளக்கைக் கழற்றிப் பார்த்தாயா என்றால் இல்லை. பாயின்ட் கேப் பார்த்தாயா என்றால் அது எங்கே இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். எந்த கார்புரேட்டர் போட்டால் எவ்வளவு வேகம் கூடும் என்பது மட்டும் மனப்பாடமாக இருக்கும்.

வொர்க்ஷாப்காரர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு: கார்புரேட்டர் கோளாறு என்று வருகிற வண்டியில் பாதி, கரன்ட் கோளாறு வண்டி. நெருப்பு நேரத்துக்கு விழாவிட்டாலும் இன்ஜின் திணறும், பெட்ரோல் போதாவிட்டாலும் திணறும். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அதனால் நான் வேலை பழகிய இடத்தில், நெருப்பைச் சரிபார்க்காமல் ஜெட்டில் கைவைக்க மேஸ்திரி யாரையும் விட்டதில்லை. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அதையேதான் தம்பி, உனக்கும் சொல்கிறேன்.

முதலில் நீ வாங்கியிருப்பது என்ன என்று தெரிந்துகொள். இங்கிலாந்தின் ரெட்டிட்ச் கம்பெனியும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் தொடங்கியது என்ஃபீல்டு இந்தியா. ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்காக வந்த 350 சிசி வண்டிதான் பிறகு திருவொற்றியூரில் உற்பத்தியானது. தாய்க் கம்பெனி அங்கே 1970-இல் மூடிய பிறகும் இங்கே அதே அடிப்படையில் வார்ப்பிரும்பு இன்ஜின் பல ஆண்டுகள் வந்துகொண்டே இருந்தது. ஒரு காலத்துச் சாமான் இன்னொரு காலத்து வண்டியில் ஏறும் என்பது இதில் பெரிய வசதி. வம்பும் அதுதான். முப்பது நாற்பது வருடத்தில் எத்தனை கை பட்டிருக்கும்! ஒருவர் ஜெட்டை மாற்றியிருப்பார், அடுத்தவர் காயிலை, மூன்றாமவர் புதுப்பேட்டையில் கிடைத்த டிஸ்ட்ரிபியூட்டரை. உன் வண்டி புத்தகத்தில் இருக்கிற வண்டி இல்லை. முன்னால் ஓட்டியவர்கள் எல்லாரும் எடுத்த முடிவுகள் அதற்குள் உட்கார்ந்திருக்கின்றன. அவர்களைத் திட்டுவதில் பயனில்லை, என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டியதுதான்.

சிலிண்டருக்குப் பின்னால், வலப்பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இருக்கும். அதைத் திற. உள்ளே இரண்டு சின்ன உலோக முகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அதுதான் பாயின்ட். அது மூடியிருக்கும்போது காயிலுக்குள் கரன்ட் ஓடுகிறது. கேம் சுழன்று அதைத் திறக்கிற நொடியில் காயிலில் இருந்த காந்தப்புலம் சரிந்து, பல ஆயிரம் வோல்ட் பிளக்குக்குப் பாய்கிறது. தொடும்போது பொறி விழுகிறது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விழுவது பிரியும்போது. இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிரிகிற இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். முகம் கருகிப் பள்ளமும் மேடுமாக இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் துடைக்கலாம். ரொம்பத் தின்றிருந்தால் தயங்காமல் மாற்று. ஆனால் அடிக்கடி கருகுகிறது என்றால் பாயின்டைக் குறை சொல்லாதே, பக்கத்தில் இருக்கும் கண்டென்சரைப் பார். அது செத்துக்கொண்டிருந்தால் பாயின்டில் நீலமாகப் பொறி பறக்கும், பிளக்குக்குப் போகவேண்டிய வலு அங்கேயே வீணாகும். இந்தக் கோளாறு வேடிக்கையானது. காலையில் வண்டி ஒழுங்காக ஓடும், சூடானதும் நின்றுவிடும். ஓட்டுகிறவர் கார்புரேட்டரைக் கழற்றி ஊதி, டீ குடித்து, திரும்ப மாட்டிக் கிக் அடிப்பார். ஸ்டார்ட் ஆகிவிடும்! ஊதியதால் சரியானது என்று ஊரெல்லாம் சொல்வார். சரிசெய்தது ஊதல் இல்லை. அந்த நேரத்தில் கண்டென்சர் ஆறியிருக்கிறது, அவ்வளவுதான். தற்செயலாக நடந்ததைத் தன் கைத்திறன் என்று எண்ணிக்கொள்வது வொர்க்ஷாப்போடு நிற்கிற பழக்கமும் இல்லை.

கேப் வைத்த பிறகுதான் டைமிங். இந்த வரிசையை மாற்றாதே. கேப்பைக் கொஞ்சம் அகலமாக்கினாலே பாயின்ட் முன்கூட்டித் திறக்கும், டைமிங் தானாக நகர்ந்துவிடும். டைமிங் வைத்துவிட்டுக் கேப்பைத் தொட்டால் செய்ததெல்லாம் வீண். அழுத்த ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு வர ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் இருக்கும்போது பாயின்ட் பிரியத் தொடங்கவேண்டும். அட்வான்ஸ் எடைகள் மூடிய நிலையில் இருக்கவேண்டும் என்பதையும் மறக்காதே. வேகம் கூடும்போது அவை விரிந்து பொறியை இன்னும் முன்னால் தள்ளும். பிரிகிற நொடியைப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். ஹெட்லைட் மேலே ஆம்பியர் மீட்டர் இருக்கிறதே, அது போதும். சாவியைத் திருப்பினால், பாயின்ட் மூடியிருக்கும்வரை முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். பிரிந்ததும் நடுவுக்கு வரும். சிகரெட் பெட்டியின் கண்ணாடித்தாளை இடையில் செருகி, எப்போது விடுபடுகிறது என்று பார்ப்பவர்களும் உண்டு. பொறி ரொம்ப முன்னால் விழுந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போகும். பின்தங்கி விழுந்தால் இழுவை இருக்காது, சூடேறி சைலன்சர் வளைவு நீலம் பாயும்.

இவ்வளவும் முடிந்த பிறகு கார்புரேட்டருக்கு வா. பழைய புல்லட்டில் பெரும்பாலும் மிக்கார்ப் இருக்கும். அதற்குள் பல சின்ன வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஐடிலிங்கில் பைலட் ஜெட், நடு த்ராட்டிலில் ஊசி, முழுக்க முறுக்கினால் மெயின் ஜெட். திணறுவது எந்த முறுக்கலில் என்று தெரிந்துகொள்ளாமல் எதைக் கழற்றப் போகிறாய்? கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டு ஓட்டிப் பார். கோளாறு எந்தக் கோட்டில் என்று வண்டியே சொல்லிவிடும். ஜெட் அடைத்திருந்தால் கிளட்ச் கேபிளின் இழையை விட்டுக் குத்தாதே. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். அதன்மேல் போட்டிருக்கும் எண்ணுக்கு அப்புறம் அர்த்தமே இல்லை. பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக அடிவரை மூடி ஒன்றரைச் சுற்று திற. இன்ஜின் சூடானதும் கால் கால் சுற்றாக நகர்த்தி, சத்தம் சீராகிற இடத்தில் விடு. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை நோட்டில் எழுது.

எழுதச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வருகிறது. என் அக்காவின் பேரன் ஒருவன் வேலையை விட்டான், ஊரை மாற்றினான், அறையை மாற்றினான், கூட இருந்த நண்பர்களையும் மாற்றினான், எல்லாம் ஒரே மாதத்தில். மனசு சரியாகும் என்று பார்த்தான், ஆகவில்லை. "தாத்தா, எதில தப்பு பண்ணேன்?" என்று வந்து நின்றான். நான் என்ன சொல்வது? நாலையும் ஒன்றாகத் திருகிவிட்டான். பழைய வேலைதான் கெடுத்ததா, அந்த அறையில் தூக்கமில்லாததுதான் கெடுத்ததா என்று இனிமேல் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவசரம் இளசுகளுக்கு இருக்கவேண்டியதுதான், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை மாற்றிவிட்டுக் கொஞ்சநாள் ஓட்டிப் பார்க்கிற பொறுமை இருந்திருந்தால், கெட்டது எது என்று கைக்குத் தெரிந்திருக்கும். திருப்பி வைக்கவும் முடிந்திருக்கும்.

மாடிஃபை பண்ணாதே என்றும் நான் சொல்லவில்லை. கம்பெனி வைத்ததை முதலில் சரியாக ஓடவைத்துவிட்டு அப்புறம் செய். ஏர் ஃபில்டரைத் திறந்துவிட்டால் காற்று கூடும். காற்று கூடினால் கலவை மெலிந்து சூடேறும். அதற்கு மெயின் ஜெட்டை ஏற்றவேண்டும். ஒன்றைத் தொட்டால் அடுத்ததும் கேட்கும் என்று தெரிந்தே தொடு. சைலன்சரைக் குடைந்து சத்தம் கூட்டுவதில் வேகமும் கூடாது, இழுவையும் கூடாது. போலீஸ் அபராதமும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் சாபமும்தான் மிச்சம். செய்யவேண்டிய மாற்றம் ஒன்று உண்டு: இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட்டில் கலவை மெலிந்துபோகிறது. பிளக் வெள்ளையாக வந்தால் ஊசியின் கிளிப்பை ஒரு வரி கீழே இறக்கு. அப்போது ஊசி மேலேறும், கலவை தடிக்கும். போதாவிட்டால் மட்டும் ஜெட்டை ஏற்று. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடு.

பாயின்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது நல்ல மாற்றம்தான். தேய்மானம் இல்லை, அடிக்கடி கேப் பார்க்கவேண்டாம், காலையில் கிக் சுலபம். நான் தடுக்கமாட்டேன். ஆனால் பாயின்ட் கெட்டுப்போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டே கெடும். மாட்யூல் போனால் போனதுதான், சாலையில் யாராலும் அதைப் பழுதுபார்க்க முடியாது. அதனால் கழற்றிய பாயின்ட் தட்டு, நல்ல கண்டென்சர், ஃபீலர் கேஜ் மூன்றையும் துணியில் சுற்றி டூல் பாக்ஸில் போட்டுவை. விழுப்புரம் தாண்டி நின்றுவிட்டால் மரநிழலில் உட்கார்ந்து பழையதை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம். ஏற்றும்போது கேம்மேல் துளி கிரீஸ் தடவு. புதுப் பாயின்டின் ஃபைபர் குதிகால் முதல் சில நூறு கிலோமீட்டரில் தேயும், கேப் குறையும். வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து இன்னொரு தரம் அளந்துவிடு.