யார் உடைத்தது?

உங்கள் வீட்டு அலமாரிக் கதவை நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடுகிறீர்கள். வாங்கிய ஒன்பதாவது மாதத்தில் ஒரு நாள் கதவு கையோடு வந்துவிடுகிறது. தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினால், "நீங்கள் கதவைத் திறந்ததனால்தான் இப்படி ஆகிவிட்டது" என்கிறார். உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் என் விஷயத்தில் உடைந்தது அலமாரிக் கதவல்ல. 58,000 ரூபாய் கொடுத்து வாங்கிய லாப்டாப்பின் மூடி.

பத்திரிகையில் வேலை பார்க்கிறவளுக்கு லாப்டாப் என்பது சமையலறையில் அடுப்பு மாதிரி. அது நின்றால் சகலமும் நின்றது. ஒரு திங்கட்கிழமை காலையில் மூடியைத் திறந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். இடது பக்கக் கீல் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் வாயைப் பிளந்துகொண்டது. திரைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பளிச்சென்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

வாரண்டி ஒரு வருஷம். ஆகையால் நான் கவலைப்படவே இல்லை. ரசீதை எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து, கம்பெனியின் ஸர்வீஸ் சென்டருக்குப் போனேன். கௌண்டரில் இருந்த வாலிபர் வெகு மரியாதை உள்ளவர். "உட்காருங்க மேடம்" என்றார். தண்ணீர் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து ஒரு காகிதமும் கொடுத்தார். அதில் ஒரே ஒரு வரி: "பிஸிக்கல் டாமேஜ், கஸ்டமர் இன்ட்யூஸ்டு." அதாவது, வாங்கியவரே உண்டாக்கிக்கொண்ட சேதமாம்! வாரண்டி செல்லாது, பழுது பார்க்க 14,500 ரூபாய் ஆகும்.

"நான் கீழே போடவில்லையே!" என்றேன்.

"நீங்க போட்டிருக்க மாட்டீங்க மேடம். வீட்டிலே குழந்தைங்க, வேலைக்காரங்க, யாராவது..." என்று இழுத்தார்.

இதற்கு அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன், சகோதரிகளே. அதைச் சொல்லாமலே இந்தக் கட்டுரையை எழுதிவிடலாம்; நான் மகா சமர்த்துக்காரியாகவும் தோன்றுவேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எங்களுக்குக் குழந்தை கிடையாது. அவர் என் மேஜைப் பக்கமே வருவதில்லை. மாமியாருக்கு அந்த யந்திரத்தைக் கண்டாலே ஆகாது. மிச்சம் யார்? அஞ்சலை. ஆறு வருஷமாக எங்கள் வீட்டைப் பெருக்கித் துடைக்கிறவள். தினம் அந்த மேஜையையும் துடைக்கிறவள்.

"அஞ்சலை, லாப்டாப்பைக் கீழே கீழே போட்டுவிட்டாயா?" என்று கேட்டேன். குரலை மிக மெதுவாக வைத்துக்கொண்டுதான் கேட்டேன். மெதுவாகக் கேட்டால் தப்பில்லை என்று ஒரு நினைப்பு.

"இல்லக்கா. மேலே துணியாலே ஒத்துவேன், அவ்வளவுதான். அதைத் தூக்கக்கூட மாட்டேன்."

"போட்டிருந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடு."

அவள் பதில் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

"காகிதத்தில் எழுதியே கொடுத்திருக்கிறான். அத்தனை பெரிய கம்பெனிக்காரன் பொய்யா சொல்லுவான்?" என்றார் மாமியார். "பணத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பாரேன்" என்றார் இவர். கட்டியே இருப்பேன். கட்டுவதற்கு முன்னால் இன்னொருவரிடம் காட்டலாமே என்று தோன்றியதால் ரிச்சி தெருவுக்குப் போனேன்.

சென்னைவாசிகளுக்கு ரிச்சி தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அண்ணா சாலையை ஒட்டி, கம்ப்யூட்டரிலிருந்து கடுகளவு உதிரிச் சாமான் வரையில் விற்கும் கடைவீதி. அங்கே ஆறடிக்கு நாலடிக் கடை ஒன்றில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பிளந்த வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"நான் திறக்க மாட்டேன்மா. வாரண்டி இருக்கு. திறந்தா அதையே சாக்காச் சொல்லுவாங்க. நீங்களே எட்டிப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். கீல் உலோகத்தால் ஆனது. மூடி நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும் அல்லவா? அதற்காகக் கீலை வேண்டுமென்றே இறுக்கமாகச் செய்கிறார்கள். கீலைப் பிடித்துக்கொண்டிருப்பவை சின்னஞ்சிறு ஸ்குருக்கள். ஸ்குரு இறங்குவது, உள்ளே மரை வெட்டிய மிளகளவு பித்தளைக் குழலுக்குள். அந்தப் பித்தளையைப் பிடித்துக்கொண்டிருப்பது எது? வெறும் பிளாஸ்டிக்! கீல் அளவுக்கு மேல் இறுகிவிட்டால், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது பிளாஸ்டிக்கை நெம்புகிறது. நெம்பி நெம்பி, ஒரு நாள் பித்தளை பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடுகிறது.

"கீழே விழுந்திருந்தா மூலை நசுங்கும்மா. நாலு மூலையும் புதுசா இருக்கு. இந்த மாதிரி எத்தனையோ பார்த்தாச்சு" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகக் கோபம் வந்தது. பாதி கம்பெனி மேல்; பாதி என் மேல்.

நாலு மூலைகளையும் பெயர்ந்த பித்தளையையும் படம் எடுத்தேன். தலைமைக் காரியாலயத்துக்குக் கடிதம் எழுதினேன். "அடி பட்ட இடம் எது? படத்தில் வட்டம் போட்டுக் காட்டுங்கள்" என்பதுதான் அதன் சாராம்சம். பத்து நாள் ஆகியும் யாரும் வட்டம் போடவில்லை. பிறகு 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தேன். நுகர்வோருக்காக மத்திய சர்க்கார் வைத்திருக்கும் உதவி எண் அது. தீர்ப்புச் சொல்லும் இடமல்ல. நம் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்கும் இடம். அதிலும் நடக்காவிட்டால் நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்கு உட்பட்டால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். இதையெல்லாம் இரண்டாவது கடிதத்தில் மிகவும் பணிவாக எழுதி வைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் டெலிபோன் வந்தது. "உங்களுக்கு விசேஷச் சலுகையாக" மூடியையும் இரண்டு கீல்களையும் இலவசமாக மாற்றித் தருகிறார்களாம்! சலுகை என்ற வார்த்தை நாக்கில் கசந்தது. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். எங்கள் தவறு என்று ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன். அதற்கு அந்த வாலிபர் இன்னொரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

லாப்டாப் வந்த அன்று அஞ்சலையைக் கூப்பிட்டேன். பித்தளை, பிளாஸ்டிக், கீல் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். வாளியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்னை நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, அஞ்சலை."

"சரிக்கா" என்றாள்.

மறுநாள் மேஜையைத் துடைத்தாள். லாப்டாப்பைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுத் துடைத்தாள்.

"அதையும் ஒத்திவிடேன்" என்றேன்.

"அதை மட்டும் நீங்களே தொடச்சுக்குங்கக்கா" என்றாள்.

மூன்று மாதமாக நான்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.